சேவலை வச்சுக்கவா, குழம்பு வச்சுரவா?

போன இதழ்ல வீட்டுக்கோழி பத்தி நாலு வரி எழுதுனேன், அம்புட்டுதான், இந்தத் தடவை தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்ததப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல சேவல் பஞ்சாயத்து. கீரைப்பாத்தி, மாடித்தோட்டம்னு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல. இன்னைக்கு முழுக்க சேவல்தான்.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க மூணு சென்ட்ல தனி வீடு, பின்னாடி கொஞ்சம் எடம் கெடக்கு. போன வருசம் ஊர்ல இருந்து எங்கம்மா ஆறு குஞ்சு குடுத்து விட்டாங்க, எல்லாம் பெட்டைன்னுதான் சொன்னாங்க, வளந்து பாத்தா அஞ்சு பெட்டை ஒரு சேவல். அது காலைல நாலு மணிக்கே கூவ ஆரம்பிச்சுருது. பக்கத்து வீட்டு அண்ணன் நைட் ஷிப்ட் போயிட்டு வர்றவரு, ரெண்டு தடவை வந்து நல்லவிதமாச் சொன்னாரு, இப்ப மூஞ்சி குடுத்தே பேசுறதில்ல. எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை அறுத்துருவோம்ங்குறாரு. பாப்பாவுக்கு ஆறு வயசு, அவ அதுக்குப் பேரு வச்சு கையில சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. சேவல் இல்லேன்னா பெட்டை முட்டையே போடாதுன்னு மாமியார் வேற சொல்றாங்க. இன்னொன்னு, சித்திரைல இருந்து முட்டைய உடைச்சா சிலதுல ரத்தம் மாதிரி இருக்கு, அது சேவலாலயா? என்ன செய்யட்டும் சொல்லுங்க.
— ஒரு வாசகி, திருநகர்

பதில்: தங்கச்சி, மொதல்ல மாமியார் சொன்னத முடிச்சுருவோம். பெட்டை முட்டை போட சேவல் தேவையே இல்ல. கடைல வாங்குற வெள்ளை முட்டை முக்கால்வாசி நாமக்கல் பக்கத்துப் பண்ணைல இருந்து வர்றது, அங்க ஷெட்டு ஷெட்டா ஆயிரக்கணக்குல பெட்டை நிக்கும், மருந்துக்குக்கூட ஒரு சேவல் கெடையாது, ஒவ்வொண்ணும் வருசத்துக்கு 300 முட்டை போடுது. சேவல் இருந்தா முட்டைல கரு கூடும், இல்லாட்டி கூடாது, வித்தியாசம் அம்புட்டுதான். ருசியும் சத்தும் ஒண்ணுதான், கருமுட்டைல சத்து ஜாஸ்தின்னு சொல்லி ரெண்டு ரூவா சேத்து வாங்குறவங்கள நம்பாத. ஆனா இத மாமியார்ட்ட போயி வாதம் பண்ணிக்கிட்டு நிக்காத, சேவல அனுப்புனதுக்கு அப்பறம் பத்து நாளு முட்டை பொறுக்குற வேலைய அவங்ககிட்டயே குடுத்துரு, தானாப் புரிஞ்சுரும்.

அப்ப சேவல் எதுக்கு? குஞ்சுக்கு. நீ அடை வச்சு குஞ்சு பொரிக்கப் போறியா, அத மட்டும் யோசி. பொரிச்சா பாதிக்குப் பாதி சேவலாத்தான் வரும், பத்துக் குஞ்சுக்கு அஞ்சுன்னு வச்சுக்க. இன்னைக்கு ஒத்தச் சேவலுக்கே இந்தப் பாடு, அஞ்ச வச்சு என்ன பண்ணுவ? எங்க ஊர்ப்பக்கம்னா பரவால்ல, தீவாளிக்குக் கறிக்கு வித்துருவாங்க, இல்லாட்டி பாண்டி கோயிலுக்கு நேந்து விட்டது ஒண்ணு, கருப்பசாமிக்கு ஒண்ணுன்னு கணக்குத் தீந்துரும். மூணு சென்ட்ல, பேரு வச்சு சோறு ஊட்டுற பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு அது ஆகாத காரியம். அதனால என் கட்சி, ஒங்க வீட்டுக்கு சேவல் வேணாம். அறுக்கவும் வேணாம், அதுக்கு வழி கீழ சொல்றேன்.

நாலு மணிக்கூவல் பத்திச் சொல்லணும்ல. வெளிச்சத்தப் பாத்துத்தான் சேவல் கூவுதுன்னு நாம நெனைக்கிறோம், 2013-ல ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல இத சோதிச்சுப் பாத்தாங்க, நாள் பூரா மங்கலா ஒரே வெளிச்சத்துல அடைச்சு வச்சாலும் அது நேரத்துக்குக் கூவுது, ஒடம்புக்குள்ளயே கடிகாரம் இருக்கு. விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தியே ஆரம்பிச்சுருமாம். நம்மூர்ல ஆறு, ஆறேகாலுக்கு விடியுது, ஒஞ் சேவல் நாலு மணிக்குக் கூவுதுன்னா கணக்கு சரியாத்தான் இருக்கு. இன்னொரு கூத்து, சேவல் கூவுறதுக்கு வாயத் தொறக்கும்போது அதோட காதுக்குழாய் கொஞ்சம் மூடிக்குமாம், பெல்ஜியத்துல கண்டுபிடிச்சது. அதுக்கு சத்தம் ஒறைக்காது, பக்கத்து வீட்டு அண்ணனுக்குத்தான் ஒறைக்கும். சங்ககாலப் பாட்டு ஒண்ணுல வஞ்சியும் உறையூரும் கோழி கூவித்தான் முழிக்கும், எங்க மதுரை வேதம் ஓதுற சத்தம் கேட்டு முழிக்கும்னு ஒரே பெருமை. அந்தக் காலத்துலயே மதுரைக்காரனுக்கு சேவச் சத்தம் ஆகல போல.

அது போற வரைக்கும் ராத்திரி பஞ்சாரத்துல கவுத்தி மேல ஈரமில்லாத சாக்கு போட்டு வை. இருட்டாவும் இருக்கும், கழுத்த நெட்டி நீட்ட முடியாட்டி சத்தமும் கொஞ்சம் அடங்கும். அடங்கும்னுதான் சொல்றேன், நிக்காது. காத்துக்கு ஒரு பக்கம் தூக்கி விட்ரு, நம்ம வெக்கைல மூடுன கோழி காலைல செத்துக் கெடக்கும். அந்த அண்ணன் வீட்டுக்கு ஆறு முட்டை குடுத்து விடு, கேஸு கீஸுன்னு போறதுக்கு முன்னாடி அது வேல செய்யும்.

இப்ப ரத்தம். இது ரெண்டு வெதம். மஞ்சக்கரு மேல ஒரு பொட்டு மாதிரி செவப்பா இருந்தா அதுக்கும் சேவலுக்கும் சம்பந்தமே இல்ல, கோழி வயித்துல மஞ்சக்கரு கழண்டு வரும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடிச்சு ஒட்டிக்கிறது, சேவலப் பாக்காத பண்ணைக்கோழி முட்டைலயும் வரும், கரண்டிய வச்சு எடுத்துப் போட்டுட்டு சமைக்கலாம். ஆனா செலந்தி வலை மாதிரி நரம்பு நரம்பா ஓடியிருந்தா அது கரு வளர ஆரம்பிச்ச முட்டை. நீ சித்திரைல இருந்துன்னு சொல்றதப் பாத்தா இதுதான்னு நெனைக்கிறேன். கோழி அடை உக்காந்தாத்தான் கரு வளரும்னு நாம இருக்கோம், 27 டிகிரியத் தாண்டுனாலே உள்ள பைய அசைய ஆரம்பிச்சுரும். அடைச் சூடு முப்பத்தேழரை. சித்திரை வைகாசில நம்ம அடுப்படி எம்புட்டு இருக்கும்னு யோசிச்சுப் பாரு, அடுப்பு மேடைக்கு மேல செல்புல முட்டைக்கூடைய வச்சுருந்தா நீயே அடை காக்குற மாதிரிதான்.

எங்க வீட்டுல நடந்தது இது. சின்ன நாத்தனார் முதமுதலா மாப்ளையோட விருந்துக்கு வந்துருக்கா, நான் பெருமையா நம்ம வீட்டு முட்டைன்னு சொல்லிக்கிட்டே தோசக்கல்லு மேல உடைச்சு ஊத்துறேன், மஞ்சக்கருவச் சுத்தி ரூவாத்துட்டு அளவுக்கு செவப்பு வளையம், அதுல இருந்து நூலு நூலா நரம்பு, நடுவுல கடுகு மாதிரி என்னமோ ஒண்ணு. மாப்ள பாத்துட்டாரு. அவரு இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல முட்டை தொடுறதில்ல, சாம்பார்தான். அந்தக் கூடைல நாலு நாளு முட்டை கெடந்துச்சு, அடிச்ச வெயிலு வேற. அதுலருந்து நான் காலைல ஒருக்க, ரெண்டு மணிக்கு ஒருக்கன்னு ரெண்டு தடவை எடுத்துருவேன். சாப்புடுற முட்டைய பிரிட்ஜ்ல வச்சுரு. பிரிட்ஜ் இல்லாட்டி எங்க அப்பத்தா பண்ற மாதிரி ஈர மணலு மேல மண்பானைய வச்சு அதுக்குள்ள போட்டு துணியக் கட்டு, நல்லாக் குளுமையா இருக்கும். சேவல் இல்லாத வீட்டு முட்டைக்கு இந்தத் தொல்லையே கெடையாது, வெக்கை ஊர்ல தின்னுறதுக்குன்னே கோழி வளக்குறவங்க சேவல் வச்சுக்காம இருக்குறதுக்கு இது ஒண்ணே போதும்பேன் நான்.

சேவலால நன்மையே இல்லையான்னா, இருக்கு, பொய் சொல்லக்கூடாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்க அம்மா வீட்டுல ஒரு சாம்பச் சேவல். சாயங்காலம் கரையான் பானையக் கவுத்தி விடுவோம், அது மொதல்ல ஓடிவந்து ஒரு கரையான அலகுல எடுக்கும், கீழ போடும், திரும்ப எடுக்கும், அடித்தொண்டைல குக்குக்குக்குன்னு கூப்புடும், பெட்டையெல்லாம் வந்து மொய்ச்சதுக்கு அப்பறந்தான் தான் தின்னும். மேல வல்லூறு நெழலு தெரிஞ்சாப் போதும், நீட்டி ஒரு சத்தம், அடுத்த நொடி ஒரு கோழி வெளில நிக்காது, எல்லாம் வைக்கப்படப்புக்கு அடில. பெட்டைக ஒண்ணுக்கொண்ணு கொத்திக்கிட்டா நடுவுல போயி நின்னுரும். தோப்பு, வயக்காடுன்னு மேய விடுறவங்களுக்கு அது காவக்காரன். காம்பவுண்டுக்குள்ள அஞ்சு கோழி வச்சுருக்குற ஒனக்கு அந்த வேலைய ஒரு வலையும் சாயங்காலம் சாத்துற கதவும் பாத்துக்கும்.

பாப்பா விசயத்துல ஒரு எச்சரிக்கை. கையில ஊட்டி வளத்த சேவல்தான் பெரும்பாலும் பின்னாடி ஆளு மேல பாயும், மனுசனப் பாத்து அதுக்குப் பயம் விட்டுப் போயிருது. அது ஒரு பக்க ரெக்கையக் கீழ தாழ்த்தி, குறுக்க குறுக்க ஆட்டம் போட்டுக்கிட்டு கிட்ட வந்தா சண்டைக்கு வருதுன்னு அர்த்தம், வெளையாட்டு இல்ல. ஆறு வயசுப் பிள்ளைக்கு அது ஒசரம் சரியா மூஞ்சி. கால்முள்ளு நீளுறதுக்குள்ள அனுப்பிரு.

எங்க அனுப்புறது? அம்மா வீட்டுக்குத்தான், எங்க இருந்து வந்துச்சோ அங்கேயே. அங்க ஏற்கெனவே பெரிய சேவல் இருந்தா ரெண்டுல ஒண்ணு ரத்தம் பாத்துட்டுத்தான் அடங்கும், அதனால மொதல்ல கேட்டுக்க. போனதும் மத்த கோழியோட சேக்காம ரெண்டு வாரம் தனியாக் கட்டிப் போடச் சொல்லு, வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழிட்ட இருந்து வந்தா தெருவே காலி. ஒஞ் சேவலுக்கு ஊசி போட்ருக்கியா? வருசா வருசம் பிப்ரவரில கால்நடை ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துறாங்க, வீட்டுக்கோழிக்குக் காசு கெடையாது. பாப்பாட்ட அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கு, லீவுல போய்ப் பாக்கலாம்னு சொல்லு. அம்மாட்ட நெசமாவே அத வச்சுருக்கச் சொல்லு, லீவுக்குப் போறப்ப பிள்ளைக்கு பதில் சொல்லணும்ல.

அப்பறம் எப்பவாவது ஒரு பெட்டை அடைக்கு உக்காந்து, குஞ்சு பாக்கணும்னு ஆசை வந்தா அதுக்கும் சேவல் வேணாம். ஊர்ல இருந்து ஒம்பதோ பதினொண்ணோ கருமுட்டை வாங்கிட்டு வா, ஒத்தப்படைல வைக்கணும்ங்குறது பெரியவங்க பேச்சு, எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனாலும் நானும் ஒத்தப்படைலதான் வைக்கிறேன். வாளில உமி போட்டு அதுக்குள்ள பொதச்சு மடிலயே வச்சுக்கிட்டு பஸ்ல வா, வந்து கூம்பு முனை கீழ இருக்குற மாதிரி அரை நாளு ஆற விட்டுட்டு சாயங்காலத்துக்கு மேல அடைல வை. போட்டு அஞ்சு நாளுக்கு மேல ஆன முட்டைய நம்ம வெயிலுக்கு நம்பாத. ஏழாம் நாளு ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டைக்கு அடில புடிச்சுப் பாரு, நரம்பு தெரிஞ்சா கரு இருக்கு, தெளிவா இருந்தா கூமுட்டை, எடுத்துரு. இருவத்தோராம் நாளு பொரிச்சுரும். அடைக்கூடைல இரும்புத்துண்டு, கரி, வத்தல் போடச் சொல்லுவாங்க இடிக்கு. போட்டுக்க, மாமியாருக்கு சந்தோசமாவாவது இருக்கும்.

ஒண்ணு விட்டுட்டேன், பெட்டை சேவலோட விந்த உள்ளயே சேத்து வச்சுக்கும், அதனால சேவல் போயி ரெண்டு மூணு வாரம் வரைக்கும் முட்டைல கரு வரலாம். ஒடனே நின்னுருச்சுன்னு அடுப்பு மேடைல வச்சுராத.

கேள்வி: மொட்டை மாடில ரெண்டு நாட்டுக்கோழி வளக்கலாம்னு இருக்கேன், ஜோடியா இருந்தாத்தான் நல்லதுன்னு கடைக்காரர் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் எடுத்துக்கச் சொல்றாரு. வாங்கவா?
— கல்லூரி மாணவர், அவனியாபுரம்

பதில்: வேணாம் தம்பி. அவருக்கு சேவல் வியாபாரம் ஆகல. ஒரே பெட்டைய ஒரு சேவலோட விட்டா நாள் பூரா அதையே மிதிச்சு முதுகுல ஒரு எறகு மிச்சம் இருக்காது. மூணு வெடக்கோழியா வாங்கு, மாடில நெழலுக்கு கீத்து போடு, தண்ணிச்சட்டிய நெழலுக்குள்ள வை. நாட்டுக்கோழி வருசத்துக்கு 60, 80 முட்டைதான் போடும், தெனமும் ஆம்லெட்னு கனவு காணாத.

கேள்வி: அக்கா, நான் மேலூர்ப் பக்கம், வயசு அம்பது ஆகுது, நீங்க தங்கச்சியாத்தான் இருப்பீங்க, இருந்தாலும் அக்கான்டே கூப்புட்டுக்குறேன். ஒம்பது பெட்டை, மூணு சேவல் வச்சுருக்கேன், மூணும் ஒரே அடைல பொரிச்சது, சண்டை கூட கெடையாது. ஆனா பெட்டைக முதுகெல்லாம் வழுக்கையாகி தோலு தெரியுது, ஒண்ணுக்கு கிழிஞ்சே போச்சு. பேன் மருந்து போட்டுப் பாத்தாச்சு. அதுவும் போக இந்த வருசம் பதிமூணு வச்சு ஆறுதான் பொரிச்சுச்சு.
— விவசாயி, மேலூர்

பதில்: அண்ணே, பேன் இல்ல, சேவல்தான். ஒம்பது பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம், எட்டு பத்துக்கு ஒண்ணுங்குறதுதான் கணக்கு. மூணு பேரும் மாறி மாறி மேல ஏறுனா நகம் பட்டு எறகு ஒடியும், அப்பறம் தோலு கிழியும். கிழிஞ்சத மொதல்ல தனியாப் பிரிச்சு விடுங்க, செவப்பப் பாத்தா மத்த கோழியே கொத்திக் கொன்னுரும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழைச்சுத் தடவுங்க, ஆழமா இருந்தா டாக்டர்ட்ட காட்டுங்க. எறகு ஒடனே மொளைக்காது, அடுத்த எறகு உதிர்வு வரைக்கும் ஆகலாம்.

எத வச்சுக்குறதுன்னு கேப்பீங்க. கொண்டை பெருசு, கலரு அழகுன்னு பாக்காதீங்க. ரெண்டு நாளு தீவனம் போடும்போது சும்மா திண்ணைல உக்காந்து பாருங்க, எது பெட்டையக் கூப்புட்டு விட்டுட்டு நிக்குதோ அது நல்ல சேவல், எது எல்லாரையும் விரட்டிட்டு தானே பொறுக்குதோ அத சந்தைக்குக் கொண்டு போயிருங்க. ஆனா உங்களுக்கு நான் சொல்றது, மூணையுமே குடுத்துருங்க. ஒரே அடைன்னு சொல்றீங்க, பெட்டைகள்ல பாதி அதுகளோட அக்கா தங்கச்சியாத்தான இருக்கும்? ரத்த உறவுலயே திரும்பத் திரும்பக் கூடுனா பொரிப்பு கொறையும், பொரிச்ச குஞ்சும் சொங்கியா நிக்கும், உங்க பதிமூணுக்கு ஆறு அதனாலயும் இருக்கலாம். வேற ஊர்ல, சம்பந்தமில்லாத கூட்டத்துல இருந்து ஒரு சேவல மாத்திக்கங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க இப்படி மாத்துறது நல்லது. எங்க ஐயா சம்பந்தி வீட்டுல பொண்ணு எடுக்குறாரோ இல்லையோ சேவல் எடுத்துட்டு வந்துருவாரு.

கேள்வி: எங்க வீட்டுல அஞ்சு வருசத்துப் பெட்டைக்கோழி ஒண்ணு, ஒரு மாசமா கூவுது! கொண்டை பெருசாயிருச்சு, முள்ளு கூட மொளைக்குது. வீட்டுக்கு ஆகாதுன்னு மாமியார் ஒரே அழுகை.
— குடும்பத்தலைவி, சோழவந்தான்

பதில்: இது அபூர்வமா நடக்குறதுதான்மா, கெட்ட சகுனமெல்லாம் கெடையாது. கோழிக்கு எடது பக்கத்துச் சினைப்பை ஒண்ணுதான் வேல செய்யும். வயசாகியோ கட்டி வந்தோ அது கெட்டுப்போனா பெண்ணுக்குண்டான ஹார்மோன் நின்னுரும், அதுக்கு அப்பறம் கொண்டை, முள்ளு, கூவலுன்னு சேவல் சாயல் வந்துரும். இனி முட்டை போடாது. சேவலே இல்லாத கூட்டத்துல தலைமைப் பெட்டை சும்மாவே ஒண்ணு ரெண்டு கூவலு கூவிப் பாக்குறதும் உண்டு, ஆனா முள்ளு மொளைக்குதுன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும். வச்சுக்குறதும் அனுப்புறதும் உங்க இஷ்டம். அஞ்சு வருசம் முட்டை போட்ட கோழி, நானா இருந்தா வச்சுருப்பேன்.

கேள்வி: அக்கா எங்கிட்ட ஒரு அசில் சேவல் இருக்கு, நாலு கிலோ வரும். ஒருத்தர் வந்து பாத்துட்டு நல்ல வெலை தர்றேன், சேவல்சண்டைக் கட்டுக்கு வேணும்ங்குறாரு. குடுக்க மனசில்ல, ஆனா வீட்டுல காசு தேவையும் இருக்கு. வித்தா நமக்கு ஏதும் பிரச்சனை வருமா?
— பேர் வேண்டாம், செக்கானூரணி பக்கம்

பதில்: தம்பி, மிருகத்த மிருகத்தோட மோத விடுறது 1960-ஆம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குத்தம், கத்தி கட்டுனாலும் வெறுங்காலா விட்டாலும். எதுக்குன்னு தெரிஞ்சே விக்கிறப்ப நாளைக்குப் போலீசு வந்தா ஓம் பேரும் சேந்து அடிபடும். காசு வேணும்னா அந்தச் சேவல வச்சே வேற வழி இருக்கு, நல்ல அசில் ரத்தம்னா அக்கம்பக்கத்துல பெட்டை வச்சுருக்குறவங்க கருமுட்டைக்கும் குஞ்சுக்கும் தேடி வருவாங்க, நாலஞ்சு பெட்டைய அதோட விடு, வருசா வருசம் வருமானம். ஒரு தடவை காசு வாங்கிட்டா அம்புட்டுதான், சேவலும் திரும்பி வராது.

அந்த ஆளு இன்னும் நாலு தடவை வருவாரு, எனக்குத் தெரியும். வித்தாச்சுன்னு சொல்லிரு. சொல்லிட்டு ஒரு வாரத்துக்கு அத ஒங்க சித்தப்பா தோட்டத்துல கொண்டு போயி விடு. உள்ரூம்ல ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத, நீ பொய் சொல்லுவ, அது நாலு மணிக்கு உண்மையச் சொல்லிரும்.